லேசான டப்பா

சாரெலா வீட்டு நிலவறையில் சூட்டில் உட்கார்ந்து நீராவிக் குளியல் எடுக்கும் ஒரு சவுனா அறை இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்து வியர்த்துப் பல வருடமாயிற்று. மூன்றடுக்குப் பலகைகள் மீதும், கல்லடுப்பைச் சுற்றியும், கதவுக்குப் பின்னாலும் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிவைத்திருந்தார்கள். டப்பாவுக்குள் பெயிண்ட் கிடையாது. எல்லாம் ஒரு சென்ட் காசுகள். சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவில் உட்காராதவனை அரை மனிதனாகத்தான் மதிக்கும் பழைய செம்புச் சுரங்க ஊர் அது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஆர்விட் சாரெலா தன் சவுனாவில் காசைக் குடிவைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாரா வாரம் பக்கத்து வீட்டுச் சவுனாவுக்கு ஓசியில் போய்வந்தான். அவன் மனைவி லோர்னா அதற்கும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"உங்க வீட்டுச் செம்பு இன்னிக்கு என்ன விலை போகுது லோர்னா?" என்பதுதான் கேள்வி. அதைச் சிரிக்காமல் கேட்பாள் என்பதுதான் எரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருடத்துக்கு முன்னால் அடித்த சென்ட் எல்லாம் செம்பு. அதற்குப் பின்னால் வந்தவை துத்தநாகம், மேலே செம்பு முலாம் பூசி ஊரை ஏமாற்றுகிறவை. செம்பு சென்ட்டை உருக்கினால் அதன் மேல் போட்டிருக்கும் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே தேறும். ஆனால் உருக்கக் கூடாது என்று சட்டம். "அந்தச் சட்டத்தை ஒருநாள் எடுப்பாங்க" என்று ஆர்விட் சொல்லத் தொடங்கியபோது அவன் தலையில் முடி இருந்தது.

"என் தாத்தா கம்பெனிக்காரனுக்காக இந்த மண்ணுல செம்பு தோண்டினார். நான் எனக்காகத் தோண்டறேன். என்ன, குழிக்குள்ள இறங்க வேண்டியதில்ல" என்று பெருமை பேசுவான்.

"ஆமா, நீ எதுக்கு இறங்கணும்? குழிக்குள்ளதான் நான் இறங்கறேனே" என்பாள் லோர்னா.

அது வெறும் பேச்சில்லை. வீட்டின் பின்பக்கக் கண்ணாடித் தாழ்வாரத்தில் காசு பிரிக்கும் இயந்திரம் இருந்தது. அதன் வாயில் ஒரு மாதிரிக் காசைச் செருகிவைக்க வேண்டும். மேலே கொட்டுகிற காசில், அந்த மாதிரிக்கு இனமானதை இயந்திரம் இந்தப் பக்கம் தள்ளும், இனமில்லாததை அந்தப் பக்கம் தள்ளும். இந்தப் பக்கம் விழுந்ததை ஆர்விட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்குவான். ஒருமுறை மூடி திறந்து படியெல்லாம் காசு உருண்டதிலிருந்து அப்படி. அந்த டப்பாவைச் செங்குத்தான மரப்படியில் தூக்கிக்கொண்டு இறங்கி, சவுனாவில் அடுக்குவது லோர்னாவின் வேலை. ஆர்விட்டுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். லோர்னாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அதைப் பற்றி எந்த டாக்டரும் அந்த வீட்டுக்கு வந்து கண்டித்துச் சொல்லவில்லை.

வண்டி ஓட்டுவதும் அவள்தான். கேலுமெட்டில் இருக்கும் வங்கியில் பெட்டி பெட்டியாகச் சென்ட் வாங்க வேண்டும். கழித்த காசைப் பையில் கட்டி, ஆற்றோரம் ஹான்காக்கில் இருக்கும் வேறொரு வங்கியில் கொட்ட வேண்டும். வாங்குகிற இடத்திலேயே கொட்டிவிட்டால், நாம் கழித்த குப்பையையே அடுத்த வாரம் பெட்டியில் போட்டு நம் தலையில் கட்டிவிடுவார்கள். செம்பு சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் பைபிளுக்கு அடுத்தபடி இந்த விதிதான். அதற்கும் அடுத்தபடி எண்பத்திரண்டு. அந்த ஒரு வருடம் மட்டும் பாதியில் மாற்றியதால் இரண்டு வகையும் உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் தெரியும். "எண்பத்திரண்ட நம்பாத" என்று ஆர்விட் சொல்லுவான், ஏதோ கெட்ட சகவாசம் போல. அந்த வருடத்துக் காசுகளை மட்டும் தனியாக ஒரு காபி டின்னில் போட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிவைத்திருந்தான்.

ஐந்து குளிர்காலத்துக்கு முன்னால், ஒருநாள் காலையில் லோர்னாவால் அந்தப் படியில் திரும்ப ஏற முடியவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் கைப்பிடிக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எப்படியோ தவழ்ந்து ஏறிவந்தாள். சத்தம் போடவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை மடித்துவைத்தாள். மார்க்கெட் என்னும் நகரில் இருக்கும் தங்கை மர்லிஸைக் கூப்பிட்டு, வாரக் கடைசியில் வருகிறேன், திரும்பிப் போகிறதாக இல்லை என்று சொன்னாள். கட்டிலுக்கு அடியில் பெட்டி தயாராக இருந்தது.

அந்த வாரம்தான் ஆர்விட் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டினான். "நாலு டப்பா இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ" என்றான். சரி, கடைசியாக ஒரு தடவை என்று லோர்னா போய்த் தூக்கினாள். டப்பா லேசாக இருந்தது.

மிக லேசு என்று இல்லை. ஆனால் தினம் தூக்கிய கைக்குத் தெரியாமல் போகுமா? இரண்டாவதும் லேசு. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. லோர்னா படி நடுவில் நின்றுவிட்டாள். மனிதன் பார்த்திருக்கிறான். நான் தவழ்ந்ததைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஜென்மம், டப்பாவை முழுக்க நிரப்பாமல் குறைத்துப் போட்டு மூடியை அடித்துத் தந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

இதைப் பற்றி அவனிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அசடு வழிந்துகொண்டு மறுபடி நிறையப் போட ஆரம்பித்துவிடுவான், அவனைத் தெரியாதா? பதிலுக்குத் தன்னால் ஆனதைச் செய்தாள். அவனுக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டியை, விரல் முட்டி வலித்தாலும், சனிக்கிழமைதோறும் பிசைந்து பின்னிச் சுட்டாள். காசைப் பற்றிக் குத்திப் பேசுவதை நிறுத்தினாள். முப்பது வருடத்தில் இல்லாத சமாதானம் அந்த வீட்டில் வந்தது.

ஆர்விட்டுக்கும் அப்போதிலிருந்து சுக்கிர திசை. முன்பெல்லாம் ஒரு பெட்டி காசைக் கொட்டினால் ஐந்தில் ஒரு பங்கு செம்பு தேறினாலே பெரிய விஷயம். இப்போது ஐந்தில் நாலு பங்கு டப்பாவுக்குப் போயிற்று. ஹான்காக்குக்குக் கொண்டுபோக ஒன்றோ இரண்டோ பைதான் மிஞ்சும். "தாத்தா பாட்டி செத்தா, பரண்ல இருக்கற பழைய ஜாடியெல்லாம் பேங்க்ல வந்து கொட்டுதுங்க இந்தக் காலத்துப் பசங்க. நமக்கு யோகம்" என்றான். இதைப் போனில் மற்ற செம்புக்காரர்களிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பொறாமை என்று வைத்துவிட்டான்.

இந்த வருடம் மார்க்கெட் நகரில் மர்லிஸ் வீட்டுக்கு எதிரே, முதியவர்களுக்கான ஒற்றைத் தளக் குடியிருப்பில் ஒரு வீடு காலியாயிற்று. படியே கிடையாது. வாசல் நடைபாதையோடு சமம். குளிக்கும் இடத்தில்கூடப் பிடித்துக்கொள்ளக் கம்பி. லோர்னா போய்ப் பார்த்துவிட்டு அந்தத் தரையில் இங்கும் அங்கும் நாலு தடவை நடந்தாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் அவர்களுக்கு. இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு. பனி விழுவதற்குள் அங்கே போய்விட வேண்டும், இன்னொரு குளிர்காலம் இந்தப் படியில் தன்னால் ஆகாது என்று அவள் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். ஆர்விட் வெகுநேரம் காபியை ஊதினான். "சரி, செம்ப வித்துடலாம்" என்றான்.

இப்படித்தான் கர்ட் வெர்பீக் வந்தான். கிரீன் பே நகரத்துப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், பெரிய அளவில் செம்பு சென்ட் வாங்கிச் சேர்ப்பவன். அரசாங்கம் சென்ட் அடிப்பதையே நிறுத்திய பிறகு, உருக்கும் தடையும் இன்றோ நாளையோ போய்விடும் என்று அவனும் நம்பினான். ஒரு டாலர் முகமதிப்புள்ள செம்புக் காசுக்கு ஒன்றரை டாலர் தருவதாகப் போனில் பேச்சு. சனிக்கிழமை மத்தியானம் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

லோர்னா அவனுக்குப் பாஸ்டி சுட்டு வைத்திருந்தாள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடியது, சுரங்கக்காரர் சாப்பாடு. கர்ட் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மேடம், கொஞ்சம் கிரேவி கிடைக்குமா?" என்றான்.

ஆர்விட் கரண்டியைக் கீழே வைத்தான். "தம்பி, இந்த வீட்டுல பாஸ்டிக்குத் தக்காளிக் கெட்சப்தான். கிரேவி ஊத்தித் திங்கறவனுக்கு நான் செம்பு விக்கறதா வேண்டாமான்னு யோசிக்கணும்."

"கெட்சப்பே குடுங்க அய்யா, வியாபாரம் கெட வேண்டாம்" என்று கர்ட் சிரித்தான். ஆர்விட்டும் சிரித்தான். அவனுக்கு அன்றைக்கு நல்ல குஷி. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். லோர்னா பார்த்தும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள். ஆர்விட் சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் போனான். சவுனா கதவைத் திறந்ததும் கர்ட் விசிலடித்தான். "அடேங்கப்பா. நிஜமாவே இவ்வளவு இருக்கா!"

"எல்லாம் என் கையால பிரிச்சது" என்றான் ஆர்விட்.

கர்ட் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தான். வாசலோரம் இருந்த டப்பாவைக் கொக்கியில் மாட்டித் தூக்கினான். பார்த்தான். இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"இதுல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"ஒவ்வொண்ணுலயும் அம்பது டாலர். எல்லாம் ஒரே கணக்கு."

"அப்படின்னா முப்பத்துநாலு பவுண்டு இருக்கணும். இது இருபத்தேழு சில்லறைதான் காட்டுது."

"தராசு பழுது" என்றான் ஆர்விட்.

லோர்னாவுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. பாவம், மாட்டிக்கொண்டான். எனக்காகக் குறைத்துப் போட்டதை இப்போது வெளியே சொல்லவும் முடியாமல், அம்பது என்று பொய்யும் சொல்லிவிட்டு நிற்கிறான். ஒரு எட்டு முன்னால் வந்தாள். "கர்ட், அதுல எண்ணிக்கை கொஞ்சம் குறைச்சலாத்தான் இருக்கும். எனக்கு இடுப்பு சரியில்லன்னு அவர்தான்..."

"என்ன உளர்ற?" என்று ஆர்விட் திரும்பினான். "ஒரு காசு குறையாது. வேணும்னா திறந்து பாருங்க."

கர்ட் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து மூடியை நெம்பினான். மூடி சத்தத்தோடு விடுபட்டது.

டப்பா விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

லோர்னா அதைப் பார்த்தபடி நின்றாள். பளபளவென்று விளிம்பு தட்டி நின்றன காசுகள், இன்னொன்று வைத்தால் உருண்டுவிடும். ஆண்கள் இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். அவள் காதில் விழவில்லை. கர்ட் ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். "தொண்ணூத்தாறு. ரெண்டாயிரத்து மூணு. எண்பத்தொம்பது. அய்யா, இது எல்லாமே துத்தநாகம், அதான் லேசு."

அடுத்த டப்பாவும் துத்தநாகம். அதற்கடுத்ததும். அடுக்கின் உள்பக்கம், சுவரோரம், அடுப்புக்குப் பின்னால் வைத்திருந்த பழைய டப்பாக்களை இழுத்துத் தூக்கினால் மட்டும் தராசு முப்பத்துநாலு காட்டியது.

ஆர்விட் ஒரு பிடி காசை எடுத்து முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனான். அப்புறம் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தான். மறுபடி நேராகப் பார்த்தான். "மெஷின் தப்பு பண்ணாது" என்றான். குரலில் முன்பிருந்த தோரணை இல்லை.

மேலே தாழ்வாரத்துக்குப் போனார்கள். கர்ட் இயந்திரத்தின் வாயைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த மாதிரிக் காசை வெளியே எடுத்தான். துடைத்துப் பார்த்தான். அவனுக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது.

"எண்பத்திரண்டு" என்றான். பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து அதில் வைத்தான். "துத்தநாக எண்பத்திரண்டு."

இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல செம்புக் காசும், அதற்குப் பக்கத்தில் அந்தக் காபி டின்னும் இருந்தன. ஒரு சாண் இடைவெளி. துடைத்து மாட்டிய அன்றைக்கு ஆர்விட் கையை விட்டது எதில் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட சகவாசம் என்று முப்பது தடவை எச்சரித்த அதே எண்பத்திரண்டை, தன் கையாலேயே இயந்திரத்தின் வாயில் ஊட்டியிருக்கிறான். இயந்திரமும் சொன்ன பேச்சு மாறாமல், துத்தநாகத்தைப் பொறுக்கிப் பொறுக்கி அவனுக்குத் தந்துவிட்டு, செம்பையெல்லாம் ஹான்காக்குக்கு அனுப்பியிருக்கிறது.

கர்ட் நல்லவன். பழைய டப்பாக்களை எல்லாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டான், தானே தூக்கி வேனில் ஏற்றினான். பணத்தை லோர்னா கையில் கொடுத்தான். "மத்தது எனக்கு வேண்டாம் மேடம், மன்னிச்சுக்கோங்க. பேங்க்ல போட்டா போட்ட காசு வந்துடும். ஒரேயடியா வாங்க மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோங்க. நஷ்டம்னு சொல்ல முடியாது."

"ஒரு சென்ட் ஒரு சென்ட்டுக்குக் கீழ போகாது" என்றாள் லோர்னா. ஆர்விட் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். கேலியாகச் சொல்லவில்லை.

வேன் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்தார்கள். வெளியே ஏரிப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. காலையில் சுட்ட ஏலக்காய் ரொட்டி மேசையில் வெட்டாமல் இருந்தது. லோர்னா அதைப் பார்த்தாள். ஐந்து வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒன்று. எதற்கு? துத்தநாகத்துக்கு.

"ஆர்விட்."

"ம்."

"டப்பா லேசா இருந்துச்சு. அஞ்சு வருஷமா."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"நீ எனக்காகக் குறைச்சுப் போடறேன்னு நெனச்சேன்."

ஆர்விட் புரியாமல் அவள் பக்கம் திரும்பினான். "உனக்காகவா? எதுக்கு?"

"எதுக்கா? இடுப்பு தேஞ்சுபோய் நொண்டறவ கேக்கறேன், எதுக்கா? படியில தவழ்ந்து ஏறினேன் அன்னிக்கு. அந்த வாரம் பெட்டிகூடக் கட்டிட்டேன், மர்லிஸ் வீட்டுக்கே போயிடலாம்னு. அப்புறம் டப்பா லேசா வந்துச்சு. சரி, இந்த மனுசனுக்கும் உள்ள ஏதோ இருக்குன்னு தங்கிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்த்தச் சக்தியில்லை. "உள்ள எதுவும் இல்ல. துத்தநாகம்தான் இருந்திருக்கு."

ஆர்விட் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், மனசில் இருந்தது என்று ஒரு வார்த்தை. அவன் வாயில் அதுவும் வராது.

"நான் அப்படி நெனைக்கவே இல்ல லோர்னா" என்றான் கடைசியில். "நீ தவழ்ந்தது எனக்குத் தெரியாது. நீ நொண்டறது சத்தத்துலதான் தெரியும், ஒரு கால் இழுக்கற சத்தம். இந்த வருஷத்துக்கு முன்னால வலிக்குதுன்னு நீ சொன்னதில்ல."

"வாயால வேற சொல்லணுமா? மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"மூஞ்சி எனக்குத் தெரியல."

அவள் நிமிர்ந்தாள்.

"நடுவுல ஓட்டை" என்றான் ஆர்விட். கையை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே வட்டமாகக் காட்டினான். "எதை நேராப் பாத்தாலும் அங்க ஒரு மங்கல். ஓரந்தான் தெரியும். உன்னப் பாத்தா முடி தெரியும், தோள் தெரியும், நடுவுல ஒண்ணும் கிடையாது. ஆறேழு வருஷமா அப்படித்தான். காசுல இருக்கற வருஷத்தப் படிச்சு அதுக்கும் மேல ஆச்சு. மெஷின் இருக்கே, அதுக்குக் கண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா காச விடச் சொல்லுவே. அத விட்டா நான் காலைல எந்திரிச்சு என்ன பண்றது?"

லோர்னாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பாதி வழியிலேயே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. இவன் கடுதாசிகளை எல்லாம் "நீயே படி, உன் குரல்தான் நல்லா இருக்கு" என்று தன்னிடம் தள்ளியது, சட்டைப் பொத்தான், சுவரைத் தடவும் கை, எல்லாம் கண்முன்னால் வந்தன. பார்வை சரியாக இருந்தும் அவளும் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. மூடியிருக்கிற டப்பாவைத் தூக்கிப் பார்த்து உள்ளே என்னவென்று முடிவு கட்டுவதே இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

ரொட்டியை வெட்டி அவன் தட்டில் ஒரு துண்டு வைத்தாள். சுட்டாகிவிட்டது, வீணாக்குவானேன்.

ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டாள். கர்ட் கொடுத்தது, வங்கியில் இருப்பது, கீழே கிடக்கும் துத்தநாகத்தின் முகமதிப்பு, மூன்றையும் சேர்த்தால் முன்பணத்துக்குத் தட்டித் தடவி எட்டும். ஒரு டப்பாவை விட்டாலும் எட்டாது. மாதக் கடைசிக்குள் அத்தனையையும் மேலே ஏற்றி, வண்டியில் வைத்து, ஒவ்வொரு வங்கியாகக் கெஞ்சிக் கொட்டியாக வேண்டும். அந்தப் படியை விட்டுப் போக வேண்டுமென்றால் அந்தப் படியிலேயே ஏறித் தீர வேண்டும். ஆள் வைக்கலாம் என்று மர்லிஸ் போனில் சொன்னாள். ஆளுக்குக் கொடுக்கிற பணமும் அந்த டப்பாக்களில் இருந்துதானே வர வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கட்டையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். சவுனாவில் விளக்கு எரியவில்லை. உள்ளே சலசலவென்று காசுச் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டாள்.

ஆர்விட் கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்தான். இந்த வேலைக்கு அவனுக்கு விளக்கு போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். சுற்றிலும் திறந்த டப்பாக்கள், கழற்றிப் போட்ட மூடிகள். இனிமேல் நிரப்புவதற்கென்று சேர்த்துவைத்திருந்த காலி டப்பாக்களில் ஒன்றை முழங்கால் இடுக்கில் வைத்து, நிறைந்த டப்பாவிலிருந்து கையால் அள்ளி அள்ளி அதில் போட்டுக்கொண்டிருந்தான். விரலை உள்ளே விட்டு, இரண்டிலும் மட்டம் சமமா என்று தடவிப் பார்த்தான். ராத்திரியெல்லாம் செய்திருப்பான் போல, ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பாதி நிறைந்த டப்பாக்கள் வரிசையாக இருந்தன. விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"என்ன பண்றே?"

"குறைச்சுப் போடறேன்" என்றான் ஆர்விட். அவள் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவளைத் தேடினான். "எல்லாத்தையும் பாதி பாதியா ஆக்கறேன். இனிமே உனக்குக் கனக்காது."

லோர்னா வாயைத் திறந்தாள். அவளைக் கொல்வது கனமில்லை, படி. டப்பாவைப் பாதியாக்கினால் படியேறுகிற தடவை இரண்டு மடங்கு. இதைக் கணக்குப் போட முழு நிமிடம்கூட வேண்டாம். முப்பது வருடம் காசைக் கணக்குப் பண்ணின மனிதனுக்கு, முதன்முறையாக ஒருத்தியின் இடுப்பைக் கணக்குப் பண்ணத் தோன்றியபோது, அது தப்பாக வந்திருக்கிறது. அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். குனிந்து ஒரு டப்பாவை எடுத்தாள். படியில் ஏறத் தொடங்கினாள். நடுப்படியில் மூச்சு வாங்க நின்றபோது, கீழேயிருந்து அவன் குரல் கேட்டது.

"லேசா இருக்கா லோர்னா?"

"இருக்கு" என்றாள். மீதிப் படியில் ஏறினாள்.